ஓரி கேட்ட கச்சேரி

வல்வில் ஓரின்னு சொன்னா உங்களுக்கு முதல்ல என்ன ஞாபகம் வருது? நாமக்கல், ராசிபுரம், சேந்தமங்கலம் பக்கம் பள்ளிக்கூடம் படிச்சவங்ககிட்ட பதில் ரெடியா இருக்கும்: ஒரே அம்பு, அஞ்சு மிருகம். மத்த ஊர்க்காரங்களுக்கு கடையெழு வள்ளல்கள்ல ஒருத்தர், அவ்வளவுதான்.

இந்த எபிசோட்ல நான் கேட்கப் போற கேள்வி வேற. அந்த அம்புக் கதையை நமக்குச் சொன்னது யாரு? கூட வேட்டைக்குப் போன வீரனா, அரண்மனைக் கணக்குப்பிள்ளையா? ரெண்டும் இல்ல. அன்னிக்கு அந்தக் காட்டு வழியா வாத்தியங்களைச் சுமந்துக்கிட்டுப் போன ஒரு இசைக்குழுவோட குரலாத்தான் அந்தப் பாட்டு இருக்கு. நமக்குத் தெரிஞ்ச ஓரி, ஒரு பேண்ட் பார்த்த ஓரி.

முதல்ல இடத்தைச் சொல்லிடறேன். ஓரி ஆண்டதாகச் சங்கப் பாடல்கள் சொல்லும் கொல்லிமலை, இன்றைய நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. 1997-க்கு முன்னால் அது சேலம் மாவட்டம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் மேலே போய்ச் சேரலாம். ஒவ்வொரு வருஷமும் ஆடி 17, 18 தேதிகளை ஒட்டி அங்கே செம்மேட்டில் அரசு சார்பில் வல்வில் ஓரி விழா நடக்கிறது. மலர்க் கண்காட்சி, அரசுத் துறைகளின் அரங்குகள், வில்வித்தைப் போட்டி, இவற்றோடு மேடையில் கலை நிகழ்ச்சிகள். அதே நாளில் அறப்பளீசுவரர் கோயிலுக்கு ஆடிப்பெருக்குக் கூட்டமும் சேர்ந்துவிடும்.

நானும் நண்பர்கள் நாலு பேரும் போயிருந்தோம். ரெண்டு பேர் பெங்களூரு, ஒருத்தன் சென்னை, ஒருத்தன் எங்க ஊர்க்காரன். மேல போய்ச் சேர்ந்ததும் பெங்களூரு பையன் கேட்ட முதல் கேள்வி, "மச்சி, ஹெட்லைனர் யாரு?" நாங்க சிரிச்சோம். ஆனா அந்தக் கேள்விக்குப் புறநானூற்றுல ஒரு நல்ல பதில் இருக்கு.

புறநானூறு 152-வது பாட்டு. எழுதியவர் வன்பரணர். கதை இப்படிப் போகிறது. காட்டு வழியில் ஒரு குழு நடந்து வருகிறது. பாடுபவர், விறலி, வாத்தியக்காரர்கள். விறலி என்றால் ஆடியும் பாடியும் உணர்வைக் காட்டும் கலைஞர். வழியில் ஒரு வேட்டைக்காரரைப் பார்க்கிறார்கள். அவர் விட்ட அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, புள்ளிமானை உருட்டி, காட்டுப்பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றுக்குள் இருந்த உடும்பின் மேல் போய்த் தைக்கிறது. பள்ளிக்கூடத்தில் நாம் படித்த பகுதி இதோடு முடிந்துவிடும். பாட்டு அங்கிருந்துதான் சூடு பிடிக்கிறது.

பாடுபவருக்கு ஒரு சந்தேகம். இந்த ஆளைப் பார்த்தால் கறி விற்றுப் பிழைக்கிறவர் மாதிரி இல்லையே, மார்பில் ஆரம் தொங்குகிறதே, ஒருவேளை இவர்தான் ஓரியோ, இல்லையோ? நேராகப் போய்க் கேட்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. விறலியைக் கூப்பிட்டு, "நான் ஒரு பாட்டு பாடுகிறேன், நீங்கள் எல்லாரும் தயாராகுங்கள்" என்கிறார். பிறகு ஒவ்வொரு வாத்தியமாகப் பெயர் சொல்லி வரிசையாக உத்தரவு கொடுக்கிறார். முழவுக்கு மார்ச்சனை மண் பூசுங்கள். யாழில் பண்ணைக் கூட்டி நிறுத்துங்கள். யானையின் தும்பிக்கை மாதிரி நீண்ட தூம்பை ஊதுங்கள். எல்லரி, ஆகுளி ரெண்டையும் வாசியுங்கள். பதலையின் ஒரு பக்கத்தை மட்டும் மெதுவாகத் தட்டுங்கள்.

இதை முதல் தடவை உரையோட படிச்சப்ப எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. இது சவுண்ட் செக்! பதலையை மெதுவா அடின்னு சொல்றாரே, அது மிக்ஸிங் பத்தின பேச்சு. பக்கத்துல யாழ் இருக்கு, நரம்புக் கருவியோட சத்தம் சின்னது, தோல் கருவி அமுக்கிடும். மைக் இல்லாத காலத்துல வால்யூம் கன்ட்ரோல் வாசிக்கிறவங்க கையிலதான் இருந்திருக்கு.

"முழவுக்கு மண்" என்பதையும் கொஞ்சம் பார்ப்போம். இன்றைக்கு மிருதங்கத்தின் வலது பக்கத்தில் ஒரு கறுப்பு வட்டம் பார்த்திருப்பீர்கள். தோலின் நடுவில் எடை கூட்டினால் அதிர்வு மாறும், தெளிவான சுருதி கிடைக்கும். அந்த மாதிரி ஒரு மண் பூச்சைத்தான் உரைகாரர் மார்ச்சனை என்கிறார். தோலோடு மல்லுக்கட்டும் இந்த வேலை பழங்காலத்தோடு முடிந்துவிடவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் செம்மேட்டில் அதையே நேரில் பார்த்தோம்.

ஆடி மாதம், மலைமேல் சாரல், மூடுபனி. மேடைக்குப் பின்னால் டீக்கடை ஓரத்தில் ஒரு பறைக்குழு காய்ந்த சருகைக் குவித்துத் தீ மூட்டி, பறையைத் திருப்பித் திருப்பிக் காய்ச்சிக் கொண்டிருந்தது. தோல் ஈரத்தை இழுத்தால் தளர்ந்துவிடும். தளர்ந்தால் இழுவிசை குறையும், சுருதி இறங்கும். தீயில் காட்டினால் ஈரம் போய்த் தோல் மறுபடி விறைக்கும். எஞ்சினியரிங் முதல் வருஷ இயற்பியல்தான். குழுவில் மூத்தவரிடம், "எத்தனை நேரம்ணா இப்படிக் காய்ச்சணும்?" என்று கேட்டேன். "மலை ஏறுனாலே தோலுக்குச் சளி புடிச்சுக்கும் தம்பி, ஆடற வரைக்கும் காய்ச்சிக்கிட்டேதான் இருக்கணும்" என்றார். ஒரு விரலால் தட்டுவார், காது கொடுத்துக் கேட்பார், திரும்பத் தீயில் காட்டுவார். எங்கள் சென்னை நண்பன் போனை எடுத்தவன், வீடியோ எடுக்காமல் அப்படியே நின்று பார்த்தான்.

சரி, பாட்டுக்குத் திரும்புவோம். குழு தயாராகிவிட்டது, வாசிக்கிறார்கள். எவ்வளவு நேரம்? மணிக்கணக்கு இல்லை, ஆனால் ஒரு அளவு இருக்கிறது: மூவேழ் துறை, அதாவது 21. பழைய உரை இதை மெலிவு, சமன், வலிவு என்ற மூன்று நிலைகளிலும் ஏழு சுரங்கள் என்று விளக்குகிறது. கீழ், நடு, மேல் என மூன்று ஸ்தாயி. முறை தவறாமல் எல்லாவற்றையும் பாடி முடித்த பிறகுதான் "கோ" என்கிறார்கள். அரசே என்று அர்த்தம்.

அந்த இடத்தில் ஓரி என்ன செய்கிறார் தெரியுமா? வெட்கப்படுகிறார். அது தன்னைக் குறிக்கும் சொல் என்பதால் நாணினார் என்று பாட்டு சொல்கிறது. அஞ்சு மிருகத்தை ஒரே அம்பில் சாய்த்த ஆள், நேரில் புகழ்ந்தால் கூச்சப்படுகிறார். குழு தன் தேவையைச் சொல்லி முடிப்பதற்குள் வேட்டையில் கிடைத்த மான் கறியைச் சமைத்துக் கொடுக்கிறார், உருக்கிய நெய் மாதிரி இருக்கும் மது கொடுக்கிறார், தன் மலையில் பிறந்த பொன்னையும் மணிகளையும் சேர்த்து "வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறார். இதெல்லாம் அரண்மனையில் இல்லை, அந்தக் காட்டு வழியிலேயே நடக்கிறது.

மேடை இல்லை, டிக்கெட் இல்லை, விளம்பரம் இல்லை. ஒரு குழு, ஒரு ரசிகர், சுத்தி மலை. கொல்லிமலைத் திறந்தவெளிக் கச்சேரி பத்தி எனக்குத் தெரிஞ்ச ரொம்பப் பழைய ரிப்போர்ட் இதுதான். ஹெட்லைனர் யாருன்னு கேட்டியே நண்பா, அந்தக் குழுதான். ஓரி அன்னிக்கு ஆடியன்ஸ்.

இது என் சொந்தக் கற்பனை மட்டும் இல்லை. கடையெழு வள்ளல்கள் பட்டியல் வரும் சிறுபாணாற்றுப்படையைப் பாருங்கள். பாரி முல்லைக்கொடிக்குத் தேர் கொடுத்தார், பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தார் என்று வரும் அந்த வரிசையில் ஓரி எதற்காக இடம் பிடிக்கிறார்? கோடியருக்கு நல்ல நாட்டைக் கொடுத்ததற்காக. கோடியர் என்றால் கூத்தர்கள், நிகழ்த்துக் கலைஞர்கள். ஓரியை அந்தப் பட்டியலுக்குள் கொண்டு போனது கலைஞர்களுக்கு அவர் கொடுத்த நிலம்தான், வில் இல்லை.

பாணர் வாழ்க்கையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நிரந்தர வருமானம் கிடையாது. ஊர் ஊராக நடக்க வேண்டும். மலைபடுகடாம் தொடக்கத்தில் ஒரு காட்சி வருகிறது. கூத்தர்கள் வாத்தியங்களைப் பைகளில் போட்டுக் கட்டிச் சுமந்து போகிறார்கள், பார்ப்பதற்குப் பலாக்காய்க் கொத்து மாதிரி தொங்குகிறது. கொல்லிமலைப் பலா மரத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த உவமை உடனே புரியும். ஆற்றுப்படை என்ற இலக்கிய வகையே ஒரு விதத்தில் ரெஃபரல்தான். பரிசு வாங்கி வந்தவர், வறுமையில் இருக்கும் இன்னொரு கலைஞரைப் பார்த்து "இந்த வழியாகப் போ, இன்னாரைப் பார், நன்றாகக் கவனிப்பார்" என்று சொல்கிறார். பத்துப்பாட்டில் நாலு பாட்டு இப்படிக் கலைஞரை வழியனுப்புகிறவை. நம்ம ஆட்கள் கம்பெனி ரிவ்யூ படித்துவிட்டு இன்டர்வியூ போகிற மாதிரி.

வன்பரணர் ஓரியைப் பாடியது அந்த ஒரு பாட்டோடு முடியவில்லை. புறநானூறு 153-இல் அவர் ஒரு வேடிக்கையான விஷயம் சொல்கிறார். எங்கள் கூட்டம் ஓரியிடம் போனது. தண்ணீரில் பூக்காத குவளையை, அதாவது மணியால் செய்த பூவை, வெள்ளி நாரில் தொடுத்துக் கொடுத்தார். நகை கொடுத்தார், யானைகளும் கொடுத்தார். இப்போது எங்கள் ஆட்களுக்குப் பசியே இல்லை. அதனால்தானோ என்னவோ ஆடவும் மாட்டேன் என்கிறார்கள், பாட்டையும் மறந்துவிட்டார்கள்!

புகழ்ச்சியாப் படிச்சா நல்லா இருக்கு. இன்னொரு தடவை படிங்க. பசிக்காகத்தான் இத்தனை நாள் ஆடிக்கிட்டு இருந்தோம்னு ஒரு கலைஞர் கூட்டம் ஒத்துக்குது. "கலைஞன் பசியோட இருந்தாத்தான் கலை வரும்"னு இன்னிக்கும் சிலர் சொல்றாங்க இல்லையா, அவங்க இந்தப் பாட்டைத் துணைக்குக் கூப்பிடலாம்.

ஆனால் கழைதின் யானையார் என்ற இன்னொரு புலவர் அதே ஓரியைப் பார்த்துப் பாடியதாக 204-வது பாட்டும் இருக்கிறது. அதில் குரலே வேறு. கொடு என்று கேட்பது இழிவு, கொடுக்க மாட்டேன் என்பது அதைவிட இழிவு என்று தொடங்குகிறது. கொள் என்று கொடுப்பது உயர்வு, வேண்டாம் என்று மறுப்பது அதைவிட உயர்வு. பிறகு ஒரு உவமை. கடல் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் தாகம் எடுத்தவர் அதைக் குடிப்பதில்லை. மாடுகள் மிதித்துக் கலக்கிய சின்னத் தண்ணீராக இருந்தாலும் அதற்குத்தான் நிறைய வழித்தடம். பரிசு கிடைக்காவிட்டால் சகுனத்தையும் நேரத்தையும் நொந்துகொள்வார்களே தவிர, தேடிப் போனவரைப் பழிக்க மாட்டார்கள், நானும் உன்னை நொந்துகொள்ள மாட்டேன் ஓரி என்று முடிகிறது.

153-ஐயும் 204-ஐயும் பக்கத்தில் வைத்தால்தான் முழுப்படம் கிடைக்கிறது. கேட்கும்போது தொண்டையில் நிற்கும் கூச்சம் ஒன்றில், கிடைத்த பிறகு வரும் நிம்மதி இன்னொன்றில். 152-இல் ஓரி கேட்பதற்கு முன்பே கொடுத்தார் என்பதன் எடை இப்போது கூடுகிறது. கேட்கும் இழிவை அவர் அந்தக் குழுவுக்கு வைக்கவில்லை.

அந்த ஓரிக்கு என்ன ஆயிற்று? கொல்லப்பட்டார். முள்ளூர் மன்னன் மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரருக்குக் கொடுத்தான் என்று அகநானூறு 209 சொல்கிறது. ஓரியின் தெருவில் காரி நுழைந்தபோது எழுந்த இரைச்சலை நற்றிணை 320-இல் கபிலர் ஒரு உவமையாகவே பயன்படுத்துகிறார். கொடுமை என்னவென்றால் காரியும் அதே ஏழு வள்ளல்களில் ஒருவர். கலைஞர்கள் நம்பியிருந்த ஒரு புரவலரை இன்னொரு புரவலரே முடித்துவிட்டார்.

சிறுபாணாற்றுப்படை அந்த ஏழு பேரையும் இறந்த காலத்தில்தான் பேசுகிறது. அவர்கள் ஏழு பேர் இழுத்த பாரத்தை இப்போது நல்லியக்கோடன் ஒருவனே இழுக்கிறான் என்கிறது. ஒரு தொழிலே ஒரு ஆளை நம்பி நிற்கிறது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம். ஐ.டி.யில் இருக்கிறவங்களுக்குச் சொல்லணும்னா, ஒரே கிளையன்ட்.

குறுநில மன்னர்கள் போனார்கள், பின்னால் கோயில் பெரிய புரவலராக வந்தது. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜனின் கல்வெட்டு 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கு ஆளுக்கு ஒரு வீடும் வருஷத்துக்கு நூறு கலம் நெல்லும் ஒதுக்குகிறது. கலைஞருக்குச் சம்பளம், எழுத்தில், கல்லில். ஆனால் அந்த வாசல் எல்லாருக்கும் திறக்கவில்லை. பாணர் குலத்தில் வந்ததாகச் சொல்லப்படும் திருப்பாணாழ்வார், ஸ்ரீரங்கம் கோயிலுக்குள் போக முடியாமல் காவிரிக் கரையில் நின்றே பாடினார் என்பது வைணவ மரபுக் கதை. கதையில் பிற்பாடு அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே போகிறார்கள். அதற்கு முன்னால் அத்தனை காலம் அவர் வெளியில் நின்றார்.

இங்கதான் எனக்கு ஒண்ணு உறைச்சது. ஓப்பன் ஏர்னு நாம கொண்டாடறோமே, அது நமக்குச் சுதந்திரம். நிறைய கலைஞர்களுக்கு அது வேற இடம் கொடுக்காததால கிடைச்ச இடம். புறநானூறு 335-இல் மாங்குடி கிழார் துடியன், பாணன், பறையன், கடம்பன் என்ற நாலு குடிகளை மண்ணின் முதன்மையான குடிகளாகச் சொல்கிறார். துடி, பண், பறை என்று இசையோடு ஒட்டிய பெயர்கள் அதிலே தெரிகின்றன. பிறகு வந்த சாதி அமைப்பு பறையையும் அதை வாசித்தவர்களையும் ஊருக்கு வெளியே தள்ளியது. யாழ் வழக்கொழிந்தே போனது. அது எப்படி இருந்திருக்கும் என்று இயற்பியல் படித்த ஒரு துறவி, மட்டக்களப்புப் பக்கம் காரைதீவில் பிறந்த விபுலானந்தர், கணக்குப் போட்டு 'யாழ் நூல்' எழுத வேண்டி வந்தது. அது வெளியானது 1947.

பாட்டுகளுமே நூலிழையில் தப்பித்தவைதான். உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டை 1889-இலும் புறநானூற்றை 1894-இலும் அச்சிட்டார். அதற்கு முன்னால் அந்தச் சவுண்ட் செக் சில ஓலைக்கட்டுகளில் மட்டும் இருந்தது.

உலகத்துல திறந்தவெளி இசைவிழான்னா எல்லாரும் சொல்றது வுட்ஸ்டாக். 1969 ஆகஸ்ட், நியூயார்க் மாநிலத்தில் ஒரு பால் பண்ணை நிலம், நாலு லட்சத்துக்கும் மேல் கூட்டம். முதல் நாள் மழையில் ரவிசங்கர் சிதார் வாசித்தார். டிக்கெட் போட்ட விழாதான், ஆனால் வேலி முடியாததால் கடைசியில் இலவசமாகிவிட்டது. நடத்தியவர்கள் கடனில் மாட்டினார்கள், படமும் ரெக்கார்டும் விற்றுத்தான் அதிலிருந்து மீண்டார்கள். எந்தக் காலமானாலும் மேடைக்குப் பின்னால் ஒரே கேள்வி: இதுக்குக் காசு யார் தர்றது?

நம்ம ஊரில் இப்போது அந்த இடத்தில் பெருமளவு அரசு இருக்கிறது. சென்னை சங்கமம் 2007-இல் தொடங்கி, நடுவில் நின்று, 2023-இல் மறுபடி வந்தது. பூங்காவிலும் கடற்கரையிலும் பறையும் கரகமும் நகரத்து ஆட்கள் முன்னால் ஆடின. செம்மேட்டு மேடையும் அந்த வகைதான். அரசு மேடை தரலாம். ஆனால் 21 துறையும் முடிகிற வரை உட்கார்ந்து கேட்பதை எந்த அரசாணையும் நமக்காகச் செய்ய முடியாது. அது நம்ம வேலை.

அன்றைக்கு அந்தக் குழு மேடை ஏறியபோது சாரல் வலுத்திருந்தது. தோல் நன்றாகக் காய்ந்திருந்தது போல, முதல் அடியே நெஞ்சில் விழுந்தது. நாங்கள் ஐந்து பேரும் குடையை மடக்கிவிட்டு முன்னால் போனோம். பின்னால் நிற்கிறவர்களுக்கு மறைக்குமே. முடிந்த பிறகு டீக்கடைக்குப் போய், குழுவின் பெயரையும் போன் நம்பரையும் வாங்கிக் கொண்டோம். எங்க ஊர்க்காரன் வீட்டுல தை மாசம் கல்யாணம் இருக்கு. என்ன ரேட்டுன்னு அவங்க சொன்னாங்க, அவன் பேரம் பேசல, அட்வான்ஸ் அங்கேயே அனுப்பிட்டான்.

வன்பரணர் பெயர் நமக்குத் தெரியும். அந்த விறலியின் பெயர் தெரியாது, பதலையை மெதுவாகத் தட்டியவர் பெயரும் தெரியாது. பாட்டில் இல்லை. இன்றைக்கு வாசிக்கிறவர்கள் விஷயத்தில் நமக்கு அந்தச் சாக்கு கிடையாது. போய்க் கேட்டால் சொல்வார்கள்.

இந்த ஆடிக்குக் கொல்லிமலை போறவங்க, வில்வித்தைப் போட்டியையும் பாருங்க, அன்னாசிப்பழமும் வாங்கிச் சாப்பிடுங்க. சாயங்காலம் மேடைக்குப் பின்னால எங்காவது புகை தெரிஞ்சா அந்தப் பக்கம் ஒரு நடை போயிட்டு வாங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.